பழைய பாஸ்வேர்டைக் கேட்காத வரி

— மூணு நாளா லீவுல இருந்தவ பேர்ல வினாத்தாள் எப்படி தம்பி பிரிண்ட் ஆகும்?

— உக்காருங்கக்கா. பிரிண்டர் பாஸ்வேர்டு கேக்கும். உங்களோடதைப் போட்டவங்கதான் எடுத்திருக்கணும். அதைத்தான் ரிப்போர்ட்ல எழுதினேன். யார்கிட்டயாவது சொல்லிவச்சீங்களா?

— கட்டினவருக்கே சொல்லலை. பதினெட்டு வருஷமா இந்தக் கல்லூரித் தேர்வுப் பிரிவுல குப்பை கொட்டறேன். ஒரு தாள் வெளியே போனதில்லை. நாளைக்கு விசாரணையாம். வேலையைப் பிடுங்கிட்டு, பேரையும் நாறடிச்சுத்தான் அனுப்புவாங்க.

— கம்ப்யூட்டர் சொல்றதைத்தானேக்கா நான் சொல்ல முடியும்.

— அது இன்னொண்ணும் சொல்லுது. காலையில என் பாஸ்வேர்டைப் போட்டா தப்புங்குது.

— மறந்திருப்பீங்க.

— என் பொண்ணு பொறந்த நேரத்தை நான் மறப்பேனா? யாரோ மாத்தியிருக்காங்க. யாரால முடியும், அதைச் சொல்லு.

— நீங்களே மாத்தினா முதல்ல பழசைக் கேக்கும்.

— கேக்காம மாத்தணும்னா?

— அட்மினா உள்ளே போகணும். இந்தக் கறுப்புத் திரையில ஒரு வரி அடிச்சா போதும்.

— அட்மின் யாரு?

— நான் ஒருத்தன்தான்.

— கீபோர்டை இப்படித் தள்ளு. இந்த மேல் அம்பைத் தட்டினா நீ முன்னாடி அடிச்ச வரியெல்லாம் வரும். பெருமையா நீதானே காட்டின?

— வேண்டாம்க்கா.

— இதோ, என் பேரு. பிரிண்ட் ஆனது புதன்கிழமை காலை பதினொண்ணு பத்துன்னு உன் ரிப்போர்ட்லயே இருக்கு. அந்த நேரம் ஆஸ்பத்திரியில அம்மா கட்டில்கிட்ட உக்காந்திருந்தேன்டா.

— முதல்வர் வந்து பின்னால நின்னார். வினாத்தாள்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. அவசரமா பிரிண்ட் எடுக்க ஒரு பேர் வேணும்னார்.

— அவசரத்துக்கு என் பேர்தான் கிடைச்சுதா?

— யாரு லீவுன்னு கேட்டார். நான்தான் சொன்னேன்.

— அவர்தானே நாளைக்கு என்னை விசாரிக்கப்போறவர்?

— ஆமாக்கா. அவரும் ரெண்டு டிரஸ்டிகளும்.

— நல்ல நியாயம்டா இது. செஞ்சவர் நாற்காலியில, நான் கைகட்டி எதிர்ல. இந்தத் திரையை அப்படியே ஒரு பிரிண்ட் எடு. அந்த ரெண்டு பேர் கையில குடுக்கறேன்.

— உங்க பாஸ்வேர்டுதான் வேலை செய்யலையே. யார் பேர்ல எடுக்கறது?

— உன் பேர்ல எடு.