இடப்பக்கம் ஓடிய ரயில்

நான் இதுவரை வெளிநாட்டு ரயில் எதிலும் ஏறியதில்லை. உள்ளூர்ப் பேருந்தில் நின்றுகொண்டு போனாலே எனக்குத் தலை சுற்றும். என்னைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவர், ஐரோப்பாவையே காலால் அளந்தவன் போல எழுதிவிட்டதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அளந்ததெல்லாம் லென்ஸால்தான்.

முப்பத்தொரு வருடம் ஒரே ஸ்டுடியோ, ஒரே பின்னறை. ஒரு மேஜை, அடியில் வெளிச்சம் போட்ட ஒரு கண்ணாடிப் பலகை, சுவர் முழுக்க வரைபடங்களும் பழைய ரயில் கால அட்டவணைகளும். பதினைந்து நாளில் பத்து நாடு சுற்றிவிட்டு வருகிறவர்கள் பிலிம் சுருள்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவர்களுக்கு எல்லா ஆறும் ஒரே ஆறு, எல்லா ஸ்டேஷனும் ஒரே ஸ்டேஷன். கணவன் ஓர் ஊர் சொல்வார், மனைவி வேறோர் ஊர் சொல்வார், இரண்டும் தப்பாக இருக்கும். நான் பார்த்து, ஒவ்வொரு ஸ்லைடின் அட்டைச் சட்டத்திலும் சரியான பெயரைப் பென்சிலால் எழுதிக் கொடுப்பேன்.

என் மனைவிக்கு இதில் பெரிய மதிப்பு கிடையாது. "வீட்டுக்குள்ள தன் மூக்குக் கண்ணாடி எங்க இருக்குன்னு தெரியாது, எங்கேயோ இருக்கற கால்வாயைக் கண்டுபிடிக்கிறாராம்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவள் கட்சி. நான் சண்டைக்குப் போனதில்லை.

எனக்கு ஒரு விதி உண்டு. மூன்று சாட்சி கிடைக்காமல் பென்சிலைத் தொட மாட்டேன். ரயில் இடப்பக்கத் தண்டவாளத்தில் ஓடுகிறதா வலப்பக்கமா என்பது முதல் சாட்சி. அது நாட்டுக்கு நாடு மாறும். கூரையும் தூண்களும் இரண்டாவது. தண்ணீர் மூன்றாவது. கரைக் கல், பாலம், படகை ஏற்றி இறக்கும் மதகு, ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கத்தில் கால்வாய் என்று எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பேன். ஸ்டேஷனை இடித்துக் கட்டிவிடலாம். கால்வாயை யாரும் நகர்த்துவதில்லை.

நீங்கள் கேட்ட படத்துக்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவருக்கு இருந்தது ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவர்தான் வளர்த்தார். அவனுக்காகவே கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று என் முதலாளி சொல்வார். அந்தத் தம்பி இருபத்தாறு வயதில், தோளில் ஒரு பையும் ஒரு கேமராவுமாக, ரயிலிலேயே ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவுக்கு போன் செய்வான். நடுவில் ஒரு பெரிய ஜங்ஷனில் நம் ஊர் டாக்டர் ஒருவரைச் சந்தித்திருக்கிறான். எட்டுத் திசைக்கும் ரயில் பிரிகிற ஜங்ஷன் அது. எடுத்து முடித்த ஒரு சுருளையும் அக்காவுக்கு ஒரு சீட்டையும் அவரிடம் கொடுத்தனுப்பினான். சுருள் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தது. சீட்டில் இப்படி எழுதியிருந்தான்: "அக்கா, இந்தச் சுருளோட கடைசிப் படத்துல இருக்கற ஊருக்கே திரும்பிப் போறேன். அவ்வளவு பிடிச்சுப் போச்சு. ஒரு மாசம் அங்கதான். ஊர்ப் பேரு வாயில நுழையல, படத்தைப் பார்த்துக்கோ."

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு போன் வரவில்லை. டீச்சர் அந்தச் சீட்டோடு என்னிடம் வந்தார்.

கடைசிப் படம் முப்பத்தாறாவது. ஒரு நடைமேடை, எண்ணில்லாமல் கோடு மட்டும் போட்ட ஒரு கடிகாரம், புறப்படுகிற ரயில், ஓரத்தில் கால்வாய், சற்றுத் தள்ளி ஒரு மதகு. பெயர்ப்பலகை படத்துக்குள் விழவில்லை. ரயில் இடப்பக்கம் ஓடியது. கூரையும் பொருந்தியது. அப்படி ஒரு ஸ்டேஷன், அதே பக்கத்தில் கால்வாயும் மதகுமாக, எனக்கு வரைபடத்தில் தெரியும். ஆனால் அதன் கரைக் கல்லும் பாலமும் எப்படி இருக்கும் என்று காட்ட என்னிடம் படம் இல்லை. இரண்டரை சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். டீச்சரின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அவசரம், எனக்குப் பெருமை. ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டேன். வாயால்தான் சொன்னேன். சட்டத்தில் எழுதவில்லை.

அந்த நாட்டுப் போலீஸுக்குத் தகவல் போனது. டீச்சர் தானே போகிறேன் என்று, யார் யாரையோ பிடித்து அந்த நாட்டுக்கு அவசரமாக விசா வாங்கினார். முதலாளி இதைப் பத்திரிகைக்காரரிடம் சொல்லி, என் படமும் வந்தது.

ஒன்பதாம் நாள் டீச்சர் ஸ்டுடியோவுக்கு வந்தார். "நாளைக்குக் கிளம்பறேண்ணா. அங்க போலீஸ்ல காட்ட அந்தப் படத்துக்கு ஒரு பிரதி வேணும்," என்றார். அவரை முன்னறை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். பிரதி எடுக்க ஸ்லைடின் சட்டத்தைப் பிரித்தேன். பிலிமின் ஓரத்தில் இருந்த எண் 36 தலைகீழாக இல்லை. கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறி இருந்தது.

சுருளை வெட்டிச் சட்டத்தில் பொருத்தும் வேலையும் என்னுடையதுதான். பிலிமில் ஒரு பக்கம் மினுமினுக்கும், ஒரு பக்கம் மங்கலாக இருக்கும். மாற்றி வைத்தால் உலகமே இடம் வலமாகிவிடும். முப்பத்தைந்தாவதைச் சரியாக வைத்திருக்கிறேன். முப்பத்தாறாவதை வைக்கும்போது முதலாளி எதற்கோ கூப்பிட்டது நினைவிருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும்.

திருப்பி வைத்துப் பார்த்தேன். ரயில் வலப்பக்கம் ஓடியது. காலை ஒன்பது ஐம்பது என்று நான் படித்த கடிகாரம் பகல் இரண்டு பத்து காட்டியது. கால்வாய் மறுபக்கம் வந்து உட்கார்ந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் கூட ஆகவில்லை, ஊர் பிடிபட்டுவிட்டது. வேறு நாடு, வேறு கால்வாய். மூன்று சாட்சியும் கைகட்டி நின்றன. உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கதவு திறந்தே இருந்தது. டீச்சர் பத்தடி தூரத்தில் இருந்தார். முதலாளி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"கவலைப்படாதீங்க டீச்சர். இவர் சொன்னா கல்வெட்டு மாதிரி."

"தெரியும் சார். அண்ணா மட்டும் இல்லேன்னா நான் எந்தத் திசைல போய்த் தேடுவேன்?"

எழுந்து போய்ச் சொல்லலாம் என்றுதான் எழுந்தேன். திரும்பவும் நாற்காலிக்கே வந்துவிட்டேன். கையாலாகாத்தனம் என்பார்களே, அதுதான். உட்கார்ந்து யோசித்தேன். விசா அந்த நாட்டுக்கு வாங்கியாகிவிட்டது. மாற்ற இன்னொரு மாதம் ஆகும். பள்ளியில் விடுப்பு சொல்லியாகிவிட்டது. இப்போது போய் மாற்றிச் சொன்னால் அந்த அம்மா அங்கேயே உடைந்து போவார். போய் வரட்டும், வந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. இதில் என்ன தப்பு என்று இப்போதும் எனக்கு முழுதாக விளங்கவில்லை.

பிரதியைப் பழையபடி திருப்பி வைத்தே எடுத்தேன். இடப்பக்கம் ரயில் ஓடுகிற பிரதி. அதன் சட்டத்தில் எதையும் எழுதவில்லை, காலியாகவே கொடுத்தேன். அசலைச் சரியாகப் பொருத்தி, சரியான ஊர்ப் பெயரை எழுதி, தேதியும் போட்டு, என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். நேற்று நீங்கள் கேட்டதும் நானே எடுத்துக் கொடுத்தேன், தேட வைக்கவில்லை.

டீச்சர் மூன்று வாரம் கழித்துத் திரும்பினார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அண்ணா, அங்க ஸ்டேஷன் சரியாத்தான் இருக்கு. ஆனா பாலம் வேற மாதிரி தெரியுது. எங்கயாவது தப்பு இருக்குமா?"

அவர் கேட்டதே வாய்ப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் தெரிந்தது. ஆனால் நான் சொன்னது இது: "பாலத்தை மாத்திக் கட்டியிருப்பாங்க டீச்சர். இல்லேன்னா அதே கால்வாய்ல பக்கத்து மதகா இருக்கும். படம் பொய் சொல்லாது." அன்று சாயங்காலமே உட்கார்ந்து அந்தக் கால்வாயிலுள்ள பதினேழு மதகுகளையும், பக்கத்து ஸ்டேஷன்களையும், போகவேண்டிய ரயில்களையும் அழகாக எழுதிக் கொடுத்தேன். நல்ல பட்டியல். அதில் ஒரு ரயில் நேரம் கூடத் தப்பில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நான்கு விடுமுறைக்குப் போய் வந்தார். ஒவ்வொரு மதகாக நடந்து, தம்பியின் படத்தைக் கதவு கதவாகக் காட்டியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இழுப்பறையின் அடியில் பார்த்திருப்பீர்கள். எனக்கு வெளிநாட்டு ரயில் பத்திரிகைகள் தபாலில் வரும். படம் எடுத்து நான்கு மாதம் ஆகியிருக்கும், அதில் ஒன்றில் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. சரியான ஊர் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மதகில் விழுந்து தலையில் அடிபட்ட ஓர் இளைஞன், ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பை தண்ணீரில் போய்விட்டது, பேச்சு வரவில்லை, யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். அந்த மொழியில் எனக்கு ஸ்டேஷன் பெயர்களும் பத்து இருபது சொற்களும்தான் தெரியும். ஆனால் பக்கத்தில் படம் இருந்தது. தலையில் கட்டு, கண் கேமராவைப் பார்த்தபடி. அது யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று சாட்சி தேவைப்படவில்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? மாதக்கணக்கில் மறைத்ததை அன்று எந்த முகத்தோடு சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்று ஊரே சொல்லும். என் முதலாளி, பத்திரிகை, என் மனைவி எல்லாரும் சிரிப்பார்கள். அதோடு, நம்புங்கள், எனக்கு ஒரு நிம்மதியும் வந்தது. பையன் உயிரோடு இருக்கிறான், வெள்ளை விரிப்பில் படுத்திருக்கிறான், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அந்தச் செய்தியைக் கத்தரித்து, ஓரம் நேராக வெட்டி, ஸ்லைடோடு சேர்த்து வைத்தேன்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் அவன் உயிரோடு இருந்தான் என்பதை நேற்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னானாம். அவர்கள் அதையே அவன் பெயர் என்று எண்ணிக் கட்டிலிலும், பிறகு கல்லறையிலும் எழுதிவைத்தார்களாம். அக்கா. அந்தக் கல்லின் படத்தைக் காட்டினீர்கள். ஓரத்தில் கால்வாய் தெரிந்தது. கீழ்மதகுக்குக் கிழக்கே இருக்கும் கரை அது, நீங்கள் கேட்காமலே நான் சொன்னேனே, நினைவிருக்கிறதா? நீங்கள் ஏன் அப்படிப் பார்த்தீர்கள் என்று தெரியவில்லை.

ஆம், நான்தான். ஒன்பதாம் நாள் எனக்குத் தெரியும். நான்காம் மாதம் அவன் படுத்திருந்த ஆஸ்பத்திரியே தெரியும். யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். டீச்சரிடம் இதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். அவர் போன விடுமுறையில் எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன, எல்லாம் மதகுகள். வியாழக்கிழமை வாங்க வருகிறார். இருபத்திரண்டுக்கு இன்னும் பெயர் எழுதவில்லை. அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். பாவம், ஒரு மதகுக்கும் இன்னொரு மதகுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது, நான் இல்லாவிட்டால் அவருக்கு வேறு யார் சொல்வார்கள்? இத்தனை வருடத்தில் தப்பான பெயர் எழுதி ஒரு படத்தைக்கூட அவர் கையில் நான் கொடுத்ததில்லை.