மீண்டும் முயல்கிறது

அப்பா என்னிடம் கடைசியாகப் பேசியது முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயைப் பற்றி. பதமாகப் புளித்திருக்கிறது, ஒரு டப்பா தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துக்கொண்டு போ என்றார். வருகிறேன் என்றேன். "வர்றேன்னு சொல்ற வாய்க்கு ரெண்டு கால் முளைச்சிருந்தா இந்நேரம் அது வந்து சேர்ந்திருக்கும்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். போய் வா என்றோ சரி என்றோ சொல்லிப் பேச்சை முடிக்கிற வழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது.

இந்தக் காவல் நிலையத்தில் நீங்கள் அவருடைய மரணத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். தவறி விழுந்து இறந்தார் என்ற முடிவுக்கு வந்துவிட்டீர்கள் என்பதும் தெரிகிறது. அந்த முடிவு சரியில்லை. அதைப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் என் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

பூசான் நகரில் தனியாக வாழும் முதியவர்களைத் தினமும் காலையில் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கும் மென்பொருள் எங்களுடையது. அழைப்பது மனிதர் இல்லை. கிளவுடில் ஓடும் நிரல். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை குறித்த நேரத்தில் தானாகத் தொடங்கும். "நலமாக இருந்தால் ஒன்றை அழுத்துங்கள்" என்று ஒரு பெண்குரல் சொல்லும். அழுத்தினால் வேலை முடிந்தது, திரையில் அவர் பெயர் பச்சையாகும். அழுத்தாவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழைக்கும், அதுவரை பெயர் மஞ்சளாக இருக்கும். மூன்று முயற்சிகளும் வீணானால் அது தோல்வி. பெயர் சிவப்பாகும், பகுதிப் பராமரிப்பாளருக்குச் செய்தி போகும், அவர் நேரில் போய்க் கதவைத் தட்டுவார். எத்தனை முறை முயல்வது, எவ்வளவு இடைவெளி விடுவது என்று முடிவு செய்யும் இரண்டு பெட்டிகள் அமைப்புப் பக்கத்தில் இருக்கின்றன. அவை என் பொறுப்பு.

சிவப்பான யாரும் செத்திருக்கவில்லை. அதுதான் தொல்லை. பொதுக் குளியல் கூடத்தில் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தெரியாத எண்ணென்றால் மோசடிக்காரன்தான் என்று மகன் எச்சரித்திருந்ததால் போனைத் தொட மறுத்தார்கள். ஒரு பாட்டி போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டு ஒரு வாரமாகத் தேடினார். ஒவ்வொரு தடவையும் யோங்தோ மேட்டுப் படிகளில் ஏறியது அந்தப் பகுதிப் பராமரிப்பாளர் கும் மிஹே. ஐம்பது தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். இறங்கி வந்ததும் எனக்குத்தான் போன் செய்வார்.

"லீடர் தம்பி, உங்க மெஷின் கணக்குல இன்னிக்கு அஞ்சு பேரு செத்துட்டாங்க. அதுல நாலு பொணம் எனக்குக் காபி போட்டுக் குடுத்துச்சு. அஞ்சாவது பொணம் ஏன்டி வந்தேன்னு கத்துச்சு. அது உங்க அப்பா."

என் அப்பாதான் எல்லோரிலும் மோசம். காலையில் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுவார். அபூர்வமாக எடுத்தாலும் ஒன்றை அழுத்தாமல் அந்தப் பெண்குரலோடு சண்டை போடுவார். "நல்லா இருந்தா அழுத்தணுமா? நல்லா இல்லாதவன் என்னத்த அழுத்துவான்? அதச் சொல்லு முதல்ல." இதை மிஹே அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்து, அப்பாவின் குரலிலேயே நடித்துக் காட்டினார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் துறைத்தலைவர் சியோன் திரையைச் சுவரில் ஒளிரவிடுவார். சிவப்பு ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவன் எழுந்து நின்று விளக்க வேண்டும், பிறகு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். எங்கள் ஊர் அலுவலகங்களில் காரணத்தைவிடத் தலை குனிவதுதான் முக்கியம். என் அப்பா குளிக்கப் போனதற்காக நான் மன்னிப்பு எழுதியிருக்கிறேன். அவருடைய போன் சார்ஜ் தீர்ந்ததற்காக எழுதியிருக்கிறேன்.

"ஓக், பெத்த அப்பனையே உன்னால போன் எடுக்க வைக்க முடியல. வட்டார அலுவலகத்துக்காரன் ஊருக் கிழவங்களையெல்லாம் நம்மள நம்பி எப்படிய்யா ஒப்படைப்பான்?" என்று என்னைக் கேட்டார் சியோன். வட்டார அலுவலகத்தோடு எங்களுக்கிருந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த மதியமே அமைப்பை மாற்றினேன். எரிச்சல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எரிச்சலில் கைபோன போக்கில் செய்தது இல்லை. முயற்சிகளின் எண்ணிக்கைப் பெட்டியில் இருந்த மூன்றை அழித்தேன். அது காலியாக இருந்தால் வரம்பு இல்லை என்று பொருள். முதியவர்களை நச்சரிக்கக் கூடாது என்பதால் ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் இடைவெளி இரட்டிப்பாகும்படி வைத்தேன். ஒருவருடைய பழைய வேலை முடியாதவரை அவருக்கு மறுநாள் காலைக்கான புதிய வேலை தொடங்காது என்ற விதி முன்பே இருந்தது. அதைத் தொடவில்லை. முயற்சிகள் தீர்ந்தால்தானே தோல்வி. தீராவிட்டால் பெயர் மஞ்சளிலேயே நிற்கும், பக்கத்தில் "மீண்டும் முயல்கிறது" என்று இருக்கும். மஞ்சளுக்குக் கடிதம் கிடையாது. பராமரிப்பாளருக்குச் செய்தியும் கிடையாது.

அடுத்த திங்கட்கிழமை சுவரில் ஒரு சிவப்பும் இல்லை.

"இதென்ன மஞ்சள்?" என்றார் சியோன்.

"முயற்சி நடந்துகிட்டிருக்கு சார்."

"அப்ப தோத்துப் போகல."

"இல்ல சார்."

"இத்தன நாளா இத ஏன்யா செய்யல?"

அன்று எல்லோருக்கும் பன்றிச் சூப்பும் சோறும் வாங்கிக் கொடுத்தார். நியாயமாகச் சொன்னால் மாற்றம் நன்றாகவே வேலை செய்தது. குளியல் கூடத்திலிருந்து திரும்பியவர்கள் நான்காவது ஐந்தாவது அழைப்பை எடுத்து ஒன்றை அழுத்தினார்கள், பச்சையானார்கள். மிஹே அக்காவின் முழங்காலுக்கு ஓய்வு கிடைத்தது. எனக்கு ஒரு பெட்டி மாண்டரின் ஆரஞ்சு அனுப்பினார்.

பிறகு எங்கள் பட்டியலில் இருந்த பியோன் மால்சுன் என்ற அம்மாள் இறந்துகிடந்தார். வீடுவீடாகத் தயிர்ப் பானம் போடும் பெண், வாசலில் எடுக்கப்படாத புட்டிகள் சேர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஆள் கூப்பிட்டிருக்கிறாள். நான் திரையைத் திறந்து அவர் பெயரைத் தேடினேன். மஞ்சள். கடைசியாக அழைத்து நாட்கள் ஆகியிருந்தன. அடுத்த அழைப்புக்கு இன்னும் பல நாட்கள் இருந்தன. எடுக்காதவரை இடைவெளி வளர்ந்துகொண்டே போகிறது. உதவி தேவைப்படுகிறவரைத்தான் என் நிரல் மெல்ல மெல்லக் கைவிடுகிறது. அந்த நிமிடமே எனக்கு இது புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் அது பொய்.

மிஹே அக்கா போன் செய்தார். குரலில் கிண்டல் இல்லை.

"எனக்கு ஏன் செய்தி வரல?"

"சிஸ்டம் அவங்கள விடாம கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்துச்சு அக்கா."

"பொணத்தையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அந்த அம்மாளின் வேலையை "சேவை நிறைவு" என்று குறித்து மூடினேன். அப்படி மூடினால் பெயர் பச்சையாகும்.

பெட்டியில் மறுபடி மூன்று என்று போட ஒரு நொடி போதும். போட்டிருந்தால், முயற்சிகள் மூன்றைத் தாண்டிய மஞ்சள் பெயர்கள் எல்லாம் அந்த நொடியே ஒருசேரச் சிவப்பாகியிருக்கும். அந்த வாரம்தான் வட்டார அலுவலகத்தார் கையெழுத்துப் போட வருவதாக இருந்தார்கள். இத்தனை நாள் இவையெல்லாம் எங்கே இருந்தன என்று கேட்பார்கள். கையெழுத்து முடியட்டும் என்று நினைத்தேன். மஞ்சளில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்தேன். அவற்றில் ஒன்று என் அப்பா.

முந்தைய நாள் காலையில் மஞ்சளாகியிருந்தார். காதுக் கருவியைக் கழற்றி வைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். மறுநாளும் பார்த்தேன். நானே அவருக்கு ஒரு போன் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்து, அவர் எடுக்காமல் போயிருந்தால், அது எனக்குத் தெரிந்த ஒன்றாகிவிடும். தெரிந்த பிறகு படியேறிப் போக வேண்டும், போய்ப் பார்த்ததை அலுவலகத்தில் சொல்ல வேண்டும். நிரல் அழைத்து அவர் எடுக்காவிட்டால் அது இன்னும் முயற்சிதான். அதனால் நிரலை அழைக்க விட்டேன்.

கையெழுத்தான மதியம் மிஹே அக்காவின் போன் வந்தது. அந்த அம்மாளுக்குப் பிறகு அவர் செய்தி எதற்கும் காத்திருக்காமல் ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டத் தொடங்கியிருந்தார். "தம்பி, மேல வா. அவசரமா வராத, அவசரப்பட ஒண்ணுமில்ல. ஆனா வா."

அடுக்களைக்கும் அறைக்கும் நடுவில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. போன் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. விழுந்த பிறகும் இரண்டு நாளுக்குக் குறையாமல் உயிரோடு இருந்திருப்பார் என்று உங்கள் மருத்துவர் சொன்னார். அவர் விழுந்தது முதல் நாள் காலை. நான் அவர் பெயரைப் பார்த்தது இரண்டாம் நாள். ஆகவே அவர் உயிரோடு இருக்கும்போதுதான் பார்த்துவிட்டுத் திரையை மூடினேன். அவரைக் கொன்றது நான். சட்டத்தில் அதற்கு வேறு பெயர் இருந்தால் அதையே எழுதிக்கொள்ளுங்கள்.

காதுக் கருவி அன்று காதிலேயே இருந்ததாக உங்கள் அறிக்கை சொல்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஒருவகையில் ஆறுதலாக இருந்தது. மணி அடித்ததை அவர் கேட்டிருப்பார். தன்னை யாரோ மறக்காமல் அழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். ஆரம்பத்தில் அடிக்கடி அடித்திருக்கும்.

துக்க வீட்டுக்குச் சியோன் வந்தார், படத்தின் முன் இரண்டு முறை விழுந்து வணங்கினார், காரச் சூப்பைக் குடித்துவிட்டு என் தோளைத் தட்டினார். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் என் கடவுச்சொல் வழக்கம்போல் வேலை செய்தது.

இப்போதாவது சரிசெய்தாயா என்று நீங்கள் கேட்கக்கூடும். இங்கே வருவதற்கு முன் இன்று காலை பார்த்தேன். மஞ்சளில் நான்கு பேர் இருக்கிறார்கள். இருவர் பழைய குளியல் கூடத்துக்காரர்கள், அவர்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. மற்ற இருவரும் பெரும்பாலும் பச்சைக்கு வந்துவிடுவார்கள். ஒப்பந்தம் இப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருக்கிறது, முதல் மாதத்திலேயே சிவப்பு வேண்டாம் என்று நினைத்தேன். எண்ணிக்கைப் பெட்டி காலியாகத்தான் இருக்கிறது.