ஏழாவது கட்டுரை

நேரில் கேட்ட பேச்சை மேற்கோள் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை, கண்ணுகளா. கட்டுரைக்கு உள்ளேயே சொன்னவர் பெயரையும் தேதியையும் போட்டுவிட்டால் போதும். பட்டியல் எதற்கென்றால், படிக்கிறவர் தேடிப்போய்ச் சரிபார்ப்பதற்கு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கிழவி சொன்னதை யார் எங்கே போய்ச் சரிபார்ப்பது? நம் கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருஷம் இந்த விதியைச் சொல்லிக் கொடுத்தேன். இன்றைக்கு அது எனக்கே உபயோகப்படுகிறது.

முதியவர் ஒருவரின் ஞாபகத்தைப் பேட்டி எடுத்து வாருங்கள் என்று உங்கள் உளவியல் ஆசிரியர் அனுப்பியிருக்கிறார். என் மருத்துவக் குறிப்பேட்டில் 'ஞாபகம் வந்து வந்து போகும்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, வரவேற்பில் இருக்கும் பெண் உங்களை இந்த அறைக்குக் காட்டிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. கோட்டைக் கழற்றி, அறையைச் சூடாக்கும் அந்த ரேடியேட்டர் மேல் போடுங்கள், பனி காயட்டும். சாப்பாட்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.

என் வேலை உளவியல் அறிமுக வகுப்புக்காரர்களுக்கு வழிகாட்டுவது. ஆய்வுக் கட்டுரையை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கி நூலகத்தின் இணையதளத்தில் வைத்திருந்தேன். மினசோட்டா மாநில நூலகர்கள் கூடி அதற்கு ஒரு பட்டயம்கூடக் கொடுத்தார்கள். நம் ஊர்ப் பக்கம் யாரும் தன்னைத் தானே மெச்சிக்கொள்வதில்லை. 'மோசமில்லை' என்பதுதான் இங்கே உச்சப் பாராட்டு. நானும் வெளியே அப்படித்தான் சொன்னேன். உள்ளே அப்படி நினைக்கவில்லை. புதிதாக வந்த பேராசிரியர் கர்ட் மெல்பியிடம், "அந்தப் பக்கத்துல இருக்குற ஒவ்வொரு வரியையும் நான் கையால தொட்டுப் பாத்திருக்கேன்" என்று ஒரு நாள் சொல்லிவைத்தேன். அதை அவர் மறக்கவில்லை.

முதல் வாரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுப்பேன். பத்துக் கட்டுரைகளின் பட்டியல் ஒன்று, ஒவ்வொன்றின் கீழும் பத்துப் பன்னிரண்டு வரிச் சுருக்கம். ஒன்பது நிஜம், ஒன்று நானே கட்டியது. எது பொய் என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஏழாவதுதான் பொய். அதை எழுதியவர்கள் பெக்கா, லிண்ட்க்விஸ்ட் என்று இருவர். பெக்கா என் பூனை. லிண்ட்க்விஸ்ட் என் பல் மருத்துவர்.

முதியோர் இல்லத்தில் சாப்பிட மறுக்கிறவர்களைச் சாப்பாட்டுக்கு முன்னால் முழுப் பெயர் சொல்லி, கண்ணைப் பார்த்துக் கூப்பிட்டால், அவர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். நாற்பத்திரண்டு பேரிடம் பார்த்த ஆய்வு. இதுதான் ஏழாவது கட்டுரையின் சாரம். அதை எழுதிய வருஷம் என் அம்மா இதே மாதிரி ஓர் இல்லத்தில் வாயைத் திறக்காமல் கிடந்தாள். நிஜமாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றியதை எழுதினேன்.

பக்கத்தை ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கட்டுவதில்லை. பழையதை நகல் எடுத்து, தேதியை மாற்றி, அங்கங்கே ஒட்டுப்போடுவோம். எல்லா நூலகத்திலும் அப்படித்தான். ஒரு கோடையில் அப்படி ஒட்டும்போது, பயிற்சிப் பட்டியலின் தலைப்பு போய்விட்டது, பட்டியல் தங்கிவிட்டது. 'நினைவாற்றல் பற்றி எழுதத் தொடங்க நல்ல கட்டுரைகள்' என்ற தலைப்பின் கீழ்ப் பத்தும் உட்கார்ந்துகொண்டன. இதுவரை நடந்தது கைப்பிசகு. பிசகுக்கு யாரையும் தூக்கில் போடுவதில்லை.

டெனீஸ் ஹக்கலா அந்த இலையுதிர் காலத்தில் வந்தாள். வயது முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகள், முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. நர்ஸிங் படிப்பில் இடம் கிடைக்க இரண்டு வருஷமாக வரிசையில் நின்றாள். வசந்தத்தில் அவள் முறை வருவதாக இருந்தது. உளவியல் அறிமுகம் ஒன்றுதான் பாக்கி. வேலை உடுப்போடு, காலில் பனிச் சேறோடு என் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஆர்டிஸ், இந்த ஏழாவது கட்டுரை முழுசா எங்க கிடைக்கும்? சுருக்கம் மட்டும்தான் இருக்கு."

நான் திரையைப் பார்க்காமலே, "பழைய இதழா இருக்கும், சுருக்கத்தை வெச்சே எழுதும்மா" என்றேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தாள். இம்முறை சிரித்துக்கொண்டே.

"நான் செஞ்சு பாத்துட்டேன் ஆர்டிஸ். எங்க இல்லத்துல ஆர்வில்னு ஒரு கிழவர். ஓட்ஸ் கஞ்சியப் பாத்தா வாயைப் பூட்டிச் சாவிய ஏரியில எறிஞ்சுருவாரு. நேத்து அவரு முன்னாடி போய் நின்னு, ஆர்வில் லெனார்ட் ஸ்ட்ராண்ட்னு முழுசாக் கூப்டேன். பட்டாளத்துல கூப்ட மாதிரி நிமிந்து உக்காந்துட்டாரு. பதினோரு கரண்டி."

"பதினொண்ணா?"

"எண்ணுனேன். பன்னெண்டாவது என் சட்டை மேல. யாரு இந்த பெக்கா? அந்தம்மாவுக்கு ஒரு லெட்டர் போடணும்."

அப்போதுதான் திரும்பித் திரையைப் பார்த்தேன். என் பூனையின் பெயர் இருந்தது.

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். கட்டுரையைக் கொடுக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. வேறு கட்டுரை தேடிக் கொடுக்க எனக்கு இருபது நிமிஷம் போதும். ஆனால் பக்கத்து மேசையில் மெல்பி உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். "நல்லா எழுது டெனீஸ்" என்றேன். குரலில் ஒரு பிசிறும் இல்லை. கடைசி நேரத்தில் குழப்ப வேண்டாம், யாரும் கவனிக்க மாட்டார்கள், அவள் நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மெல்பி கவனித்தார். இல்லாத ஆய்வைக் கற்பனை செய்து எழுதினாள் என்று டெனீஸ் மேல் புகார் போனது. அடுத்தவர் எழுத்தைத் திருடுவதைவிட அதைப் பெரிய குற்றமாகப் பார்ப்பார்கள். நிரூபணமானால் அது பதிவேட்டில் ஏறும். ஏறினால் நர்ஸிங் படிப்பின் கதவு சாத்தினது சாத்தினதுதான். நோயாளியின் தாளில் நடக்காததை எழுதக்கூடியவள் என்று அதற்கு அர்த்தம்.

டெனீஸ் பதறவில்லை. அவளிடம் அந்தப் பக்கத்தின் பிரின்ட் இருந்தது. மேலே கல்லூரியின் பெயர், கீழே தேதி, நடுவில் ஏழாவது கட்டுரை, அதைச் சுற்றி அவள் போட்ட பச்சை மை வட்டம். அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்கிட்ட இருந்தா ஒண்ணு பிள்ளைங்க அதுமேல ஜூஸக் கொட்டும், இல்லேன்னா நாய் தின்னும். நீங்க வெச்சிருங்க. வியாழக்கிழமை விசாரணைக்கு எடுத்துட்டு வாங்க, அது போதும். நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க."

நான் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். புதன்கிழமை மத்தியானம், ஒரு கையில் முட்டை சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்த ஏழாவது வரியைப் பக்கத்திலிருந்து அழித்தேன். எட்டு ஏழானது, ஒன்பது எட்டானது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு கை கழுவிக்கொண்டு மேசைக்குப் போனேன்.

விசாரணையில் மூன்று பேர் இருந்தார்கள். யாரோ எலுமிச்சைக் கேக் துண்டுகள் கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தார்கள். ஒருவரும் தொடவில்லை. தலைவர் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டார்.

"இப்படி ஒரு கட்டுரை உண்மையில இருக்கா?"

"இல்ல."

"நூலகத்தோட பக்கத்துல இது இருக்கா?"

"இல்ல."

இரண்டும் அன்றைய தேதிக்கு உண்மை. 'இருந்ததா' என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

டெனீஸ் என் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திறப்பேன் என்று காத்திருந்தாள். நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தில் ஏதோ மாறியது. கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். அவர்கள் பக்கம் திரும்பி, "ஒருவேளை நான் வேற எங்கயாவது பாத்திருப்பேன்" என்றாள்.

வெளியே நடைபாதையில் என் கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லத்துப் பெரியவர்களிடம் பேசுகிற குரலில் மெதுவாகச் சொன்னாள்.

"பரவால்ல ஆர்டிஸ். மறந்துட்டீங்க, அவ்ளோதான். டாக்டர ஒரு தடவ பாருங்க. சீக்கிரமே பாத்தா மாத்திரை இருக்கு."

எனக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. எதையும் மறந்ததில்லை. "பாக்குறேன்" என்றேன்.

மே மாதம் ஓய்வு பெற்றேன். பட்டயத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். டெனீஸ் உதவியாளராகவே இருந்துவிட்டாள். பதினான்கு வருஷம் ஆகிறது.

போன வருஷம் பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து இங்கே வந்தேன். நம் ஊரில் இருப்பது இந்த ஓர் இல்லம்தான். வந்த அன்று நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். இன்றைக்கு என்ன கிழமை? வியாழக்கிழமை என்று எனக்குத் தெரியும். ஆனால் டெனீஸ் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். தலையில் நரை. ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தேன். "ஞாயித்துக்கிழமையா?" என்றேன். மாதம் கேட்டார்கள், அதையும் தப்பாகச் சொன்னேன். அவள் வந்து போர்வையை என் தோள் வரை இழுத்துவிட்டாள்.

குறிப்பேட்டில் இருக்கிற வரி அப்படி ஏறியதுதான். உங்களிடம் எதற்குச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். ஞாபகம் இல்லாதவள் பேச்சு, பட்டியலில் ஏறாத பேச்சு. இரண்டு பூட்டு போட்ட பிறகுதான் எனக்கு வாய் திறக்கிறது. எத்தனை வெட்கங்கெட்ட காரியம் என்று தெரியாமல் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு வருஷமாகத் தினம் மூன்று வாய்ப்பு வருகிறது. காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு.

பச்சை வட்டம் போட்ட அந்தத் தாள் இந்த அலமாரியின் மேல் இழுப்பறையில், காலுறைகளுக்கு அடியில் இருக்கிறது. கேட்காதீர்கள், தரமாட்டேன். புதன்தோறும் துவைத்த காலுறைகளை அடுக்கி வைப்பது டெனீஸ்தான். போன மாதம் எடுத்துப் பார்த்தபோது தாளின் மடிப்பு மாறியிருந்தது. நான்தான் முன்பு மாற்றி மடித்திருப்பேன். வயசாகிறது இல்லையா.

வண்டிச் சத்தம் கேட்கிறதா? அவள்தான். வெள்ளிக்கிழமை, உருளைக்கிழங்கும் கோழியும் போட்டு வேகவைத்தது. உப்பே இருக்காது. இப்போது தட்டை வைத்துவிட்டு, எனக்கு எதிரே குனிந்து, கண்ணைப் பார்த்து, ஆர்டிஸ் மரியான் குவாலே என்று முழுசாகக் கூப்பிடுவாள். இங்கே இருக்கிற முப்பது பேரையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். ஒரு வேளைகூடத் தப்பியதில்லை. என் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவள் பார்வை இழுப்பறைப் பக்கம் போவதுபோல இருக்கும். எனக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

நான் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லை, கண்ணுகளா. பசி இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிடுகிறேன். அவள் எழுதிய கட்டுரை பொய்யில்லை என்று நிரூபிக்க யாராவது ஒருத்தர் வேண்டாமா.