பின்பாதி மனையின் முதல் சொந்தக்காரர்கள்

சார்பதிவாளர் அலுவலகத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் ஆள்மாறாட்டம் தொடர்பாக, இரண்டாம் சாட்சியைக் காவல் நிலையத்தில் விசாரித்துப் பதிவு செய்த வாக்குமூலம். பெண், வயது 55, கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனை வேலை. இருப்பிடம், பேருந்து நிலையத்தின் பின்தெருவில் வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் உள்ள ஓட்டு வீடு.

நான் மேற்படி வீட்டில் கணவர் இறந்ததிலிருந்து தனியாகக் குடியிருந்து வருகிறேன். முன்பக்கத்துப் பட்டறை என் அப்பாவுடையது. அவருக்குப் பிறகு அண்ணன் நடத்துகிறார். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது பின்வீடு பூட்டியே கிடக்கும். அப்பா மட்டும் அவ்வப்போது திறந்து பெருக்கிவிட்டு மறுபடி பூட்டுவார். ஏன் என்று கேட்டால், வீடு காற்றாட வேண்டாமா என்பார். அவர் காலமான பிறகு நான் போக்கிடம் இல்லாமல் வந்தபோது அண்ணன்தான் அந்தப் பூட்டை உடைத்து, சுண்ணாம்பு அடித்து, என்னைக் குடிவைத்தார். இதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வருடம் பட்டறையில் வேலை குறைந்துபோனதால் அண்ணன் முழு மனையையும் விற்க ஏற்பாடு செய்தார். வாங்க வந்தவரின் வக்கீல், அப்பாவின் பத்திரம் முன்பாதிக்கு மட்டும்தான் இருக்கிறது, பின்பாதி யார் கை மாறி வந்தது என்று பார்த்து வாருங்கள் என்றார். அண்ணனுக்குப் பட்டறையை விட்டு நகர முடியாது என்பதால் நான் கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு அலைந்தேன். பதிவு அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா, உங்கப்பா பெயரில் உள்ளதென்றால் அவரையே கூட்டிவாருங்கள் என்றார். அவர் இறந்துவிட்டார் என்றேன். அப்படியென்றால் இறப்புச் சான்றோடு வரச் சொல்லுங்கள் என்றார். யாரை வரச் சொல்வது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

அதன் பிறகு பல நாள் நடந்து வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது, அந்த இடம் முழுவதும் முதலில் மாட்டுவண்டிகள் வாடகைக்கு விட்ட ஒருவருடையது. மோட்டார் வண்டி வந்து தொழில் படுத்ததும் அவர் மனையை இரண்டாக்கி, முன்பாதியை என் அப்பாவுக்கும் பின்பாதியை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவருக்கும் கிரயம் செய்திருக்கிறார். கம்பவுண்டருக்குப் பிறகு அது யாருக்கும் மாறவில்லை. நான் குடியிருக்கும் வீடு எங்களுடையது இல்லை என்பதை அலுவலக வராந்தாவில் நின்றபடி தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு பழைய ஆஸ்பத்திரி ஆட்களிடம் விசாரித்து, கம்பவுண்டரின் ஒரே மகள் பக்கத்து ஊரில் இருப்பதை அறிந்து நேரில் போனேன். துணிக்கடை வாசலில் மிஷின் போட்டு ஆல்ட்டர் தைக்கிறவர், என்னைவிட மூத்தவர். நான் யாருடைய மகள் என்று சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். எங்கள் ஊரில் ஒரு முறை காய்ச்சல் பரவியதாகவும், வீடு வீடாக மருந்து கொண்டுபோன தன் அப்பாவுக்கே அது தொற்றி அந்தப் பின்வீட்டில் இறந்துபோனதாகவும், அவரிடம் மருந்து வாங்கிக் குடித்த தெருவில் ஒருவர்கூடத் தூக்க வரவில்லை என்றும், என் அப்பாதான் பட்டறைத் தள்ளுவண்டியில் வைத்துத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார் என்றும் சொன்னார். தான் அப்போது சின்னப் பிள்ளை, வண்டிக்குப் பின்னால் நடந்துபோனது நினைவிருக்கிறது என்றார்.

“உங்கப்பா வந்து கூப்பிடாத வருஷம் இல்லம்மா. சாவியோடதான் வருவாரு. எங்கம்மா அதக் கையால தொடமாட்டாங்க. அந்தத் தெருவுல கால் வைக்கமாட்டேன்னு சாகிற வரைக்கும் வைக்கல” என்றார்.

இதை அப்பா எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. இடத்தை விற்கச் சம்மதமா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள் என்றார்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னேன். அவர், “அவங்களே வேணாம்னு விட்ட இடம்தானே பாப்பா” என்றார். என்னை இன்னும் அப்படித்தான் கூப்பிடுவார். அதற்கடுத்த வாரம், கம்பவுண்டர் மகள் சம்மதித்துவிட்டார், ஆளைத் தெரியும் என்று சாட்சிக் கையெழுத்துப் போட நீ வர வேண்டும் என்றார். நானும் நம்பிப் போனேன்.

சார்பதிவாளர் முன்னால் நாற்காலியில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தவர் என் அண்ணியின் அக்கா. அவர் போட்டிருந்த கண்ணாடி நான் எங்கள் கடையில் ஃபிரேம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அடையாள அட்டையில் கம்பவுண்டர் மகளின் பெயரும் இவருடைய படமும் இருந்தன. சார்பதிவாளர் என்னைப் பார்த்து, இவர்களைத் தெரியுமா என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியும் என்று சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்போம். தள்ளுவண்டிக்குப் பின்னால் நடந்த பிள்ளைதான் என் கண்ணில் நின்றது.

“தெரியும் சார். இவங்க எங்க அண்ணியோட அக்கா” என்றேன்.

அதன் பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியும். அண்ணியின் அக்காவிடம், கம்பவுண்டர் மகள் படுத்த படுக்கையாக இருக்கிறார், அவருக்குப் பதில் கையெழுத்துதான் என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்கள். அவர் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கம்பவுண்டர் மகளுக்கு நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நீங்கள் இருக்கிறவரை இருங்கள், ஆனால் இடத்தை விற்கமாட்டேன் என்று மட்டும் சொன்னார். அண்ணி என்னோடு பேசுவதில்லை. பட்டறை பூட்டிக் கிடக்கிறது.

இன்று காலை நான் இங்கே வந்தபோது அண்ணன் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. நான் தாண்டிப் போகும்போது, “சாப்பிட்டியா பாப்பா” என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

அவரிடம் அப்படிச் சொன்னது பொய். அது தவிர, இங்கே நான் சொல்லி எழுதப்பட்டது அத்தனையும் உண்மை. யாரும் என்னை மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை. எனக்குப் படித்துக் காட்டினார்கள், கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) இரண்டாம் சாட்சி
என் முன்பாக, (ஒப்பம்) உதவி ஆய்வாளர்