மூன்றாவது சுற்றில் விழுந்த வாளி

எனது பெயர் புகாரில் உள்ளபடியே. எல்லோரும் கூப்பிடுவது தவக்களை. வயது அறுபத்தாறு. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், ஆறாம் வகுப்பின் வாசல் வரை போயிருக்கிறேன். பெரிய மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குபவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அத்தனை வருடமும் மேலும் கீழும் போனேனே தவிர முன்னால் போனதில்லை. பழைய அச்சகத்துக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் தரைத்தளத்தில் வசித்து வருகிறேன். தனியாகவா என்று காவல் நிலைய எழுத்தர் ஐயா கேட்டார். தற்சமயம் என்று எழுதச் சொன்னேன்.

என் மனைவி நான்கு வருடங்களுக்கு முன்பு அவளுடைய தங்கை, அதாவது என் மச்சினி, முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டபோது துணைக்கு இரண்டு வாரம் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லி ஒரு பையுடன் போனாள். மச்சினி இப்போது மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுகிறாள். என் மனைவி திரும்பவில்லை. எங்களுக்குள் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. தொலைபேசியில் பேசுவோம். "சாப்பிட்டீங்களா?" என்பாள். "சாப்பிட்டேன், நீ போனதுக்கப்புறம்தான் நாக்குக்கு ருசியே தெரியுது" என்பேன். வைத்துவிடுவாள். எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் ஒவ்வொரு முறையும் போனை எடுப்பேன், வாயில் வருவது வேறாக இருக்கும்.

அதன் பிறகு, போன வருடம், சைக்கிள் கடைச் சுவரில் ஒரு போட்டி விளம்பரம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஏரியில் நீந்தி, கரையேறி சைக்கிள் மிதித்து, இறங்கி ஓடி, எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. இதெல்லாம் யாருக்குப் பொழுது போகவில்லையோ அவர்களுக்கு என்று நினைத்தேன். அதில் ஓட்டப் பாதையின் படம் இருந்தது. சிவப்புக் கோடு மச்சினி வீட்டுத் தெரு வழியாகப் போனது. ஒரு முறை இல்லை, மூன்று சுற்று. கடைக்காரரிடம் கேட்டு, அங்கேயே பெயர் கொடுத்தேன்.

அந்தத் தெருவில் நடந்தே போயிருக்கலாமே, யார் தடுத்தது என்று ஆய்வாளர் ஐயா கேட்டார். சும்மா போய் வாசலில் நின்றால் "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. போட்டியில் ஓடுகிறவனை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

அதன் பிறகு நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். குளத்து மாஸ்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க நீந்துறீங்களா, இல்ல தண்ணி மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டார். தவக்களை என்ற பெயரை வைத்ததும் அவர்தான். எனக்குப் பிடித்திருந்ததால் நானே ஊரெல்லாம் பரப்பினேன். சைக்கிளும் ஓட்டமும் தினமும் பழகினேன். ஓட்டத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் நீச்சலையும் சைக்கிளையும் குறித்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்பதால் மற்றவர்கள் மெடலுக்குப் பயிற்சி செய்தபோது நான் ஒரு தெருவுக்குப் பயிற்சி செய்தேன்.

சம்பவத்தன்று காலையில் ஏரிக்கரையில் எல்லோரையும் நிறுத்தி, போட்டி நடத்தும் அம்மா விதிகளைச் சொன்னார். வழியில் போட்டிக்காரர்கள் வைத்திருக்கும் மேஜைகளில் மட்டுமே தண்ணீர், பழம் வாங்கலாம், வீட்டு ஆட்கள் கையால் எதையும் வாங்கக் கூடாது, வாங்கினால் போட்டியிலிருந்து நீக்கம் என்றார். நான் கையைத் தூக்கி, "பொண்டாட்டி குடுத்தாக் கூடவா?" என்று கேட்டேன். "பொண்டாட்டி குடுத்தா கண்டிப்பா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது அது எனக்கு நடக்கக்கூடிய காரியமாகத் தெரியவில்லை.

அதன் பிறகு நீந்தினேன். ஏரித் தண்ணீர் கொஞ்சம் குடித்தேன். அதன் பிறகு சைக்கிள் மிதித்தேன். காற்று எதிரே இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, என் மனம் அங்கே இல்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட ஆரம்பித்தபோது நேரம் மிச்சமிருந்தது. அவசரத்தில் ஈரக் காலிலேயே சாக்ஸ் போட்டிருந்தேன்.

முதல் சுற்றில் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். மாடி பால்கனியில் மச்சினி மட்டும் வாளியும் குவளையுமாகச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "அக்கா! சீக்கிரம் வா! ஒரு கிழவன் உள்ளாடையோட தெருவுல ஓடுறான், அச்சு அசல் நம்ம மாமா மாதிரியே இருக்கான்!" என்று கத்தினாள். நான் அணிந்திருந்தது உள்ளாடை அல்ல, போட்டிக்குரிய உடை என்பதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். என் மனைவி வெளியே வரவில்லை. உள்ளே திரைச்சீலை மட்டும் அசைந்தது. நின்று பார்த்தேன். தெருமுனையில் விசிலுடன் நின்ற போட்டிக் கண்காணிப்பாளர், அதாவது இந்த வழக்கின் புகார்தாரர், "ஐயா, நிக்காதீங்க, போய்க்கிட்டே இருங்க" என்றார். ஓடினேன்.

இரண்டாவது சுற்றில் என் மனைவி பால்கனியில் நின்றாள். நரை கூடியிருந்தது. கண்ணாடி புதிது. என்ன சொல்லலாம் என்று ஒரு வருடமாக யோசித்து வைத்திருந்த கிண்டல்கள் எல்லாம் இருந்தன, ஒன்றும் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தபோதுதான் வலது ஷூவின் பின்பக்கம் சிவப்பாக ஊறியிருந்தது தெரிந்தது. நிமிர்ந்தபோது பால்கனியில் அவள் இல்லை. மச்சினி மட்டும், "மாமா, செத்துக் கித்துப் போயிடாதீங்க, எங்களுக்கு இன்னிக்கு வேற வேலை இருக்கு!" என்றாள். அந்தச் சுற்று முழுவதும், அவள் உள்ளே போய்விட்டாள் என்ற நினைப்போடுதான் ஓடினேன். கால் வலித்ததா என்று கேட்டால் நினைவில்லை.

மூன்றாவது சுற்றில் என் மனைவி கீழே வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் துண்டும் ஒரு ஜோடி சாக்ஸுமாக நின்றிருந்தாள். "உக்காருங்க" என்றாள். விதி எனக்குத் தெரியும். எல்லைக்கோடு கொஞ்ச தூரம்தான், நேரமும் இருந்தது. நான் உட்கார்ந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, துண்டால் காலைத் துடைத்தாள். "ஈரக் கால்ல போட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அப்போது கண்காணிப்பாளர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். அவர் நல்ல பையன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் குரலைத் தாழ்த்தி, "ஐயா, வழியில போற யாரோ தெரியாம உதவி பண்ணிட்டாங்கன்னா எச்சரிக்கையோட விட்டுடுவேன். வீட்டு ஆளுன்னா நீக்கித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு, என் மனைவியிடம், "அம்மா, நீங்க இவருக்கு யாரு?" என்று கேட்டார்.

மச்சினி மேலிருந்து, "யாரும் இல்ல தம்பி! ரோட்டுல போறவ! நல்ல மனசு!" என்று கத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அறுபத்தாறு வயதில் நானாக வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான், அதற்கு மூன்று பேர் சாட்சி. யாருமில்லை என்று அவள் சொன்னால் நான் போட்டியை முடிப்பேன். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பதைக் கேட்கத்தான் நான் ஏரியில் இறங்கினேன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே புரிந்தது.

அவள் சாக்ஸை என் காலில் மாட்டி முடித்தாள். அதன் பிறகு, "பொண்டாட்டி" என்றாள். தலையைத் தூக்காமல், "எழுதிக்கங்க" என்றும் சொன்னாள்.

கண்காணிப்பாளர் வருத்தத்துடன், என் கணுக்காலில் நேரம் பார்க்கக் கட்டியிருந்த சிப்பைக் கழற்றக் குனிந்தார். அதைத் தடுக்கவோ, அல்லது என்னைக் குளிர்விக்கவோ, மச்சினி மேலிருந்து தண்ணீரை ஊற்றினாள். வாளியின் கைப்பிடி பழையது, பிய்த்துக்கொண்டது. வாளி கண்காணிப்பாளரின் தோளில் விழுந்தது. வாளி எறியப்படவில்லை, விழுந்தது. குறி பார்த்து எறியும் திறமை மச்சினிக்கு இருந்திருந்தால் அது என் தலையில்தான் விழுந்திருக்கும். அதன் பிறகு நடந்த கூச்சலில் என் மனைவி அவரைத் தள்ளியதாகப் புகாரில் கூறியிருப்பது தவறு. அவர் வழுக்கி விழாமல் இருக்கக் கையைப் பிடித்தாள்.

அதன் பிறகு ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவருடைய தோளுக்கு மருந்து போட்டார்கள். என் மனைவி நாற்காலியை எடுத்துக்கொண்டு படியேறினாள். நானும் கூடவே போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவள் பாதிப் படியில் நின்று, "அடுத்த வருஷம் காலைத் தொடைச்சிட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கேட்கவில்லை. தெருவைத் திறந்துவிட்டதும் வாகனங்கள் வர ஆரம்பித்ததால் வந்துவிட்டேன்.

இன்று போட்டி நடத்துபவர்கள் ராஜியாகப் போகத் தயார் என்றும், அதற்கு நான் மன்னிப்புக் கடிதமும், இனி இந்தப் போட்டியில் கலந்துகொள்ள மாட்டேன் என்ற உறுதிமொழியும் தர வேண்டும் என்றும் ஆய்வாளர் ஐயா சொன்னார். மன்னிப்பு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன், கண்காணிப்பாளர் வீட்டுக்கே போய் அவர் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடவும் தயார். உறுதிமொழி மட்டும் தர மாட்டேன். வழக்கு நடக்கட்டும். "பிடிவாதம் பிடிக்காதீங்க பெரியவரே, வருஷத்துக்கு ஒரு நாள் கூத்துதானே?" என்றார். "அந்த ஒரு நாள்தாங்க" என்றேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்குக் கூடுதலாக ஓரிடத்தில் 'பிரிந்து வாழும் மனைவி' என்று இருந்தது. முதல் இரண்டு சொற்களை அடிக்கச் சொன்னேன். எழுத்தர் ஐயா என்னைப் பார்த்தார், ஆய்வாளரைப் பார்த்தார், அதன் பிறகு அடித்தார். அடித்த இடத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றபடி இதில் உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடியே.

(ஒப்பம்)