யாரையும் நம்பாத வெர்னா

இல்லேங்கிறான் தம்பி! இந்தக் கார் ஷோரூம்காரன் மூஞ்சிக்கு நேரா இல்லேங்கிறான். கார் லோன் கிடையாதாம். எனக்கு! இந்த வெர்னா ஸ்டக்கிக்கு! அட, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. உங்களையுந்தான் காக்க வச்சிருக்கானுங்க. டோனட் எடுத்துக்குங்க, ஓசிதான்.

திங்கக்கிழமை வேலையில சேரணும், ஃபொஸ்டோரியா ஆஸ்பத்திரி கிச்சன்ல. நம்ம ஒஹாயோவுல பஸ்ஸா ஓடுது? பழைய வண்டி உயிரை விட்டுடுச்சு. கார் இல்லேன்னா வேலை இல்ல, வேலை இல்லேன்னா சோறு இல்ல.

எவனோ என் பேர்ல கடன் வாங்கித் தின்னுட்டான், வேற என்ன! நானா ஏமாறுறவ? பேங்க் லெட்டரைப் பொடிப்பொடியாக் கிழிச்சு, பூனை கக்கூஸ் மண்ணுல கலந்துதான் குப்பையில போடுவேன். தபால்காரர்கிட்டகூட வாயத் தொறக்கமாட்டேன். எங்கம்மா ரத்தம் அப்படி. அவங்க ஷிமான்ஸ்கி வீட்டுப் பொண்ணு, பொறந்ததுலேருந்து சந்தேகந்தான். என் பாஸ்வேர்டு என் புருஷனுக்கே தெரியாது. தெரியாமலேயே போய்ச் சேந்துட்டாரு, பாவம். 'பிக்கிள்ஸ்'தான் அது. எங்க மொத நாய் பேரு. என் பத்தாவது பொறந்தநாளுக்கு வந்துச்சு, எழுவத்தொண்ணு, ஜூலை நாலு. சுதந்திர தினம்னு ஊரே வெடி போடுது, அது கட்டிலுக்கடியில நடுங்குது... என்ன தம்பி, போன்ல எழுதிக்கிட்டே இருக்கீங்க? பொண்டாட்டிக்கா? எழுதுங்க, எழுதுங்க.

ட்ராவிஸ்! கார் விக்கிறவனே, இங்க வா! என்னது? என் பேர்ல பாக்கி எதுவும் இல்லையா? ஃப்ரீஸா? என் கிரெடிட்டை யாரு ஃப்ரீஸ் பண்ணது? பிப்ரவரியிலயா?

ஐயோ.

சர்ச் விருந்து தம்பி. ரிட்டயர் ஆன போலீஸ்காரர் ஒருத்தர் வந்து பேசினாரு. 'நம்ம கடன் கணக்கை வச்சிருக்கிற மூணு கிரெடிட் கம்பெனியிலயும் சொல்லிப் பூட்டிடுங்க, உங்க பேர்ல எவனும் கடன் வாங்க முடியாது'ன்னாரு. வீட்டுக்கு வந்ததும் மூணையும் பூட்டிட்டேன். 'உங்களுக்கே கடன் வேணும்னா தொறந்துக்கணும்'னும் சொல்லியிருப்பாரு. அப்ப நான் ஆப்பிள் பை வாங்க வரிசையில நின்னேன். அப்ப என் கடனைக் கெடுத்த திருடன் நாந்தானா!

ஒரு போன்ல தொறந்துடலாமா ட்ராவிஸ்? இரு, ஸ்பீக்கர்ல போடுறேன், காது கொஞ்சம் மந்தம். ஹலோ! வெர்னா ஸ்டக்கி! சோஷியல் செக்யூரிட்டி நம்பரா? எந்தக் கடனுக்கும் கேக்குற அந்த நம்பரா? முழுசாவா? மெதுவா, சத்தமாச் சொல்றேன், நல்லாக் கேட்டுக்க...

ஒரு வாரத்துக்கு என் பேர்ல யாரு கடன் கேட்டாலும் தொறந்திருக்குமா? நீ நல்லா இரும்மா! மத்த ரெண்டுலயும் இதையே சொல்லிடறேன்.

...மூணும் தொறந்தாச்சு தம்பி! லோன் வந்துடும்! தம்பி? எங்க போனாரு? பாதி டோனட் அப்படியே கிடக்கு. எவ்வளவு பொறுமையா உக்காந்து கேட்டாரு, இந்தக் காலத்துல இப்படிப் பசங்க... ஏன் ட்ராவிஸ், அவரு பேரென்ன? தெரியாதா? கார் வாங்க வந்தவரில்லையா?

ட்ராவிஸ். நான் சொன்னதையெல்லாந்தான் எழுதிக்கிட்டிருந்தானா? உன் போனைக் குடு. பூட்டணும். இல்ல, மொதல்ல லோனைப் போடு. இல்ல இல்ல, மொதல்ல பூட்டு... கடவுளே, எதைடா மொதல்ல!