வாக்கெடுப்புக்கு மறுநாள்

— ஏணியை இறுக்கிப் பிடிங்க சம்பந்தியம்மா. உங்க கட்சி ஜெயிச்சிருச்சுன்னு என்னைக் கீழ தள்ளிடாதீங்க.

— தள்ளணும்னா ரெண்டு மாசம் முன்னாடியே தள்ளியிருப்பேன். பேசாம ஏறுங்க. அறுபது வயசுல சுவத்துல தொத்துற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்.

— அம்பத்தெட்டு. மின்வாரியத்துல முப்பத்தொரு வருஷம் கம்பம் ஏறினவன் நான், இப்போதான் மேஜை வேலை. சரி, எதை முதல்ல கிழிக்கட்டும்? உங்க ‘ஆமாம்’ சுவரொட்டியையா, எங்க ‘வேண்டாம்’ சுவரொட்டியையா?

— மேல எது இருக்கோ அதை.

— மேல உங்களுது. அதுக்கு அடியில எங்களுது. அதுக்கும் அடியில மறுபடி உங்களுது. பாருங்க, வெங்காயம் மாதிரி உரிஞ்சுக்கிட்டே வருது.

— எங்களுது வருது. உங்களுது எங்க வருது? சுரண்டிச் சுரண்டி என் நகமே போச்சு. என்னத்தப் போட்டு ஒட்டித் தொலைச்சீங்க?

— மரவள்ளி மாவு. என் பொண்டாட்டி காய்ச்சினது. உங்க பசை கடையில வாங்கினது, ரெண்டு மழைக்கே விட்டுருச்சு.

— அமெரிக்காக்காரன் பசைன்னு சொல்ல வர்றீங்க. ஐயோ சாமி, திரும்பவும் ஆரம்பிக்காதீங்க. நேத்தோட எல்லாம் முடிஞ்சுது. அமெரிக்காவோட வர்த்தக ஒப்பந்தம் வேணும்னு கோஸ்டாரிகா நாடே சொல்லிருச்சு.

— நாடு எங்க சொல்லுச்சு? நூத்துல அம்பத்தொண்ணு பேர் சொன்னாங்க. நேத்து அடிச்ச மழையில உங்க ஓட்டுக்காரங்க வந்த நாலு பஸ் நின்னு போயிருந்தா கதையே வேற.

— நிக்கலையே. என்னத்தச் சொல்ல, உங்களுக்கு மழை கூட ஓட்டுப் போடல.

— அது வாஸ்தவம். அந்த வாளியை இப்படி நகத்துங்க. உங்க ஆளுங்க யாரும் வரலையா? ஊர்ச் சங்கத்துல, ஒட்டினது ரெண்டு கட்சி, சுத்தம் பண்றதும் ரெண்டு கட்சின்னுதானே சொன்னாங்க.

— எல்லாரும் பூங்காவுல ஹார்ன் அடிச்சுக்கிட்டுச் சுத்துறாங்க. உங்க ஆளுங்க?

— துக்கம் கொண்டாடுறாங்க. ஒருத்தன் கதவே திறக்கல. இன்னொருத்தன் சன்னல் வழியா கை மட்டும் ஆட்டினான். நீங்க ஏன் பூங்காவுக்குப் போகல?

— கால் வலி.

— திங்கக்கிழமையாச்சே, நான் லீவு போட்டுட்டு வந்தேன். உங்களுக்குத் தொழிற்சாலை கூட இல்லையா?

— லீவு.

— ஜெயிச்சதுக்கா?

— அப்படித்தான்னு வச்சுக்குங்களேன். மேல ஒரு மூலை விட்டுட்டீங்க பாருங்க. இடது பக்கம்.

— பாத்துட்டேன். பேரன் எப்படி இருக்கான்?

— ஏன், உங்க மகன் சொல்றதில்லையா?

— ஹைரோ வாரத்துக்கு ஒரு தடவை வர்றான். வந்து தண்ணித் தொட்டியில தண்ணி இருக்கான்னு பாக்குறான், போறான். குழந்தையப் பத்திக் கேட்டா ‘நல்லா இருக்கான்’. அவ்வளவுதான்.

— ரெண்டு பல்லு வந்துருச்சு. கீழ. கையில எது கிடைச்சாலும் கடிக்கிறான். என் மக யெசேனியா முழங்கை பூரா பல்லுத்தடம்.

— ரெண்டு பல்லா! எட்டு மாசக் குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கல. பாதிரியார் என்னைப் பாக்கும்போதெல்லாம் கேக்குறார்.

— என்னையும் கேட்டார். ‘அவங்க குடும்பம் வலது பக்க பெஞ்சு, எங்க குடும்பம் இடது பக்க பெஞ்சு, குழந்தையை நடுவுல தரையில வச்சுடலாமா சாமி’ன்னு கேட்டேன். போயிட்டார்.

— ஹஹ்... ஏணி ஆடுது, ஏணி ஆடுது!

— சிரிச்சா ஆடத்தான் செய்யும். எறங்குங்க. வெல்லத் தண்ணி கொண்டு வந்திருக்கேன். சூடா இருக்கு, குடிச்சுட்டு ஏறலாம்.

— எனக்கும் சேத்தா?

— ஃபிளாஸ்க் பெருசு. அதுக்குன்னு நீங்க அதிகமா நெனச்சுக்காதீங்க.

— அப்பா... முட்டி ரெண்டும் சொல்லுது அம்பத்தெட்டுன்னு. குடுங்க. நல்லா இருக்கு. இஞ்சி போட்டிருக்கீங்க.

— தொண்டை கட்டிப் போச்சு. மூணு மாசமா கத்தினது.

— எனக்கும்தான். கண்ணாடியப் பாத்தா என்னையே அடையாளம் தெரியல. எதுக்கு இவ்வளவு கத்தினோம் சம்பந்தியம்மா?

— நீங்க எதுக்கோ. நான் ஜீன்ஸ் பேன்ட்டுக்குக் கத்தினேன். நாங்க தைக்கிறது பூராவும் அமெரிக்காவுக்குப் போகுது. ஒப்பந்தம் வந்தா வரி இல்லாமப் போகும், வேலை நிக்கும்னு கத்தினேன். இதுல என்ன தப்பு?

— தப்புன்னு எப்போ சொன்னேன்? இங்க கரண்டும் போனும் ஒரே வாரியம்தான், லாபம் பாக்காம மலை உச்சி வரைக்கும் கம்பம் நட்டோம். உங்க அப்பா வீட்டுக்கு முதல் பல்பு போட்டது நான். ஒப்பந்தம் வந்தா வெளிநாட்டுக் கம்பெனி லாபம் வர்ற பட்டணத்து போன் லைனை மட்டும் பொறுக்கி எடுத்துக்கும், மலை மேல இருக்குறவன் இருட்டுலதான் இருக்கணும்னு கத்தினேன். இதுல மட்டும் என்ன தப்பு?

— கத்தினது தப்பில்ல.

— பின்ன?

— உங்களுக்கே தெரியும்.

— ...தெரியும்.

— ஆகஸ்டு மாசம். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், இதே மன்றத்துல, இருநூறு நாற்காலி போட்டு விவாதம். நான் எழுந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஒப்பந்தம் வரலேன்னா கம்பெனி பக்கத்து நாட்டுக்குப் போயிடும்ங்கிறாங்க, என் மேற்பார்வையில நூத்தி நாப்பது பொண்ணுங்க தைக்கிறாங்க, பாதிப் பேருக்குப் புருஷன் துணை இல்ல, உங்க வாரியமா அவங்களுக்குச் சோறு போடும்னு கேட்டேன்.

— நியாயமான கேள்வி.

— நீங்க என்ன பதில் சொன்னீங்க?

— விடுங்க சம்பந்தியம்மா.

— ரெண்டு மாசமா அது என் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. ஒரு தடவை உங்க வாயாலயே, மைக் இல்லாம, என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. எப்படி இருக்குன்னு பாக்குறேன்.

— ‘மந்தையை நான் குத்தம் சொல்லல. முதலாளிக்காக மந்தையை ஓட்டிக்கிட்டு வர்ற நாயைத்தான் சொல்றேன்’னு சொன்னேன்.

— கூட்டம் சிரிச்சுது.

— சிரிச்சுது. அது சிரிச்சதும் எனக்கு என்னமோ ஏறிப்போச்சு. இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துச் சொன்னேன்.

— என் பொண்ணுங்க முப்பது பேர் பின் வரிசையில உக்காந்திருந்தாங்க. அதுல நாலு பேர் சிரிச்சாங்க. யாரு யாருன்னு எனக்குத் தெரியும். மறுநாள் காலைல அவங்க தையலை நான்தான் சரிபாக்கணும். பாத்தேன்.

— அன்னிக்கு ஹைரோ வீட்டுக்கு வந்து தட்டுல கை வைக்கல. ‘அவங்க என் பொண்டாட்டிய வளத்தவங்கப்பா’ன்னான். எழுந்து போயிட்டான். நான் உங்க வீட்டுத் தெருமுனை வரைக்கும் மூணு தடவை வந்தேன். மூணு தடவையும் திரும்பிட்டேன்.

— தெருமுனையில என்ன, முள்வேலியா இருந்துச்சு?

— உங்க வீட்டு வாசல்ல ‘ஆமாம்’ கொடி பறந்துச்சு. மன்னிப்புக் கேக்க வந்தவன் கொடிக்கு அடியில குனிஞ்சு போகணுமேன்னு ஒரு ரோசம். மடத்தனம்தான். இப்போ கேக்குறேன். மன்னிச்சுக்குங்க. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

— போதும், தலையத் தூக்குங்க. யாராவது பாத்தா நான் உங்களை அடிச்சுட்டேன்னு நெனப்பாங்க.

— அடிச்சாலும் வாங்கிக்குவேன்.

— அப்படிச் சொல்லாதீங்க சம்பந்தி. இன்னிக்கு அப்படிச் சொல்லாதீங்க.

— ஏன், என்னாச்சு? கோப்பையைக் கீழ வச்சுட்டுச் சொல்லுங்க.

— இன்னிக்கு லீவு இல்ல.

— பின்ன?

— காலைல போனேன். வாசல்ல மூணு லாரி. நாலாவது வரிசை மெஷினையெல்லாம் கழட்டி ஏத்திக்கிட்டிருக்காங்க. பொண்ணுங்களை வாசலோடயே திருப்பி அனுப்பியாச்சு, மெஷின் பழுது பாக்குறோம்னு சொல்லி. எல்லாம் பக்கத்து நாட்டுக்கு, நிகராகுவாவுக்குப் போகுது. டிசம்பரோட மூடுறாங்க.

— ஜெயிச்ச பிறகுமா?

— ஜெயிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க. என்னையும் சேத்து மேஸ்திரிங்க அஞ்சு பேரை மட்டும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டுச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை முடியுற வரைக்கும் வெளியில மூச்சு விடக் கூடாதுன்னாங்க.

— என்னைக்கு?

— என்னது என்னைக்கு?

— என்னைக்குக் கூப்பிட்டுச் சொன்னாங்க? கிழமையச் சரியாச் சொல்லுங்க.

— புதன்கிழமை. சாப்பாட்டு மணி அடிச்ச உடனே.

— புதன்கிழமை.

— ஆமா. நாலு நாள் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு அலைஞ்சேன். நேத்து காலைல வேன் வச்சு அந்தப் பொண்ணுங்களை நான்தான் ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். அஞ்சு நடை. ‘நம்ம வேலைக்கு நம்ம ஓட்டு’ன்னு பாட்டு வேற பாடிக்கிட்டு வந்தாங்க. நானும் சேந்து பாடினேன்.

— தெரிஞ்சேவா?

— தெரிஞ்சேதான். நாம ஜெயிச்சுக் காட்டினா ஒருவேளை மனசு மாறுவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்படிச் சொல்லிக்கலேன்னா வேனுக்குள்ள உக்கார முடியாது. காலைல லாரியப் பாத்ததும் அதுவும் போச்சு. திட்டுங்க. அன்னிக்கு மைக்ல சொன்னதவிட மோசமா எதாவது சொல்லுங்க. நான் கேட்டுக்கிறேன்.

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— கம்பெனி மூடப் போறது. வியாழக்கிழமை காலைல என் மேஜைக்கு வந்துருச்சு. டிசம்பர் முப்பத்தொண்ணோட கரண்ட் இணைப்பைத் துண்டிச்சுடணும்னு மனு. கம்பெனி முத்திரை, கையெழுத்து, எல்லாம் இருந்துச்சு.

— வியாழக்கிழமையா? அன்னிக்குச் சாயங்காலம்தானே பூங்காவுல உங்க கடைசிக் கூட்டம்?

— ஆமா. எழுநூறு பேர். கடைசியாப் பேசினது நான். மனு என் சட்டைப் பையில.

— அதை எடுத்துப் படிச்சிருந்தீங்கன்னா என் பொண்ணுங்கள்ல ஒருத்தி கூட வேன்ல ஏறியிருக்க மாட்டா!

— ஏறியிருக்க மாட்டாங்க.

— நாடு பூரா ஜெயிக்கலேன்னாலும் இந்த ஊருல நீங்க ஜெயிச்சிருப்பீங்க. பயந்துட்டீங்களா? ஆபீஸ் காகிதத்த வெளியில காட்டினா வேலை போயிடும்னா?

— அடுத்த மார்ச்சுல எனக்கு ஓய்வு. என்னை என்ன பண்ணிடுவாங்க? எடுக்கத்தான் பையில கைய விட்டேன்.

— அப்புறம்?

— அந்தப் பக்கம் ரொட்டிக் கடை வாசல்ல நீங்க நின்னுக்கிட்டிருந்தீங்க. பத்துப் பதினஞ்சு பொண்ணுங்க சுத்தி. என்னமோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. கை அப்படியே நின்னு போச்சு.

— எதுக்கு? நானா உங்க கையப் பிடிச்சேன்?

— அதே பொண்ணுங்க முன்னாடி இன்னொரு தடவை உங்களைத் தலைகுனிய வைக்கணுமான்னு தோணுச்சு. கம்பெனி முடிவை ஊரோட ஊரா நின்னு, அதுவும் என் வாயால கேக்க வேண்டாம், வாக்கெடுப்பு முடியட்டும், தனியாப் பாத்து மெதுவாச் சொல்லிக்கலாம்னு விட்டேன். இன்னிக்கு வேற ஆளை அனுப்பாம நானே ஏணியத் தூக்கிக்கிட்டு வந்ததும் அதுக்குத்தான்.

— சம்பந்தி...

— நீங்க அன்னிக்கு அவ்வளவு சிரிச்சீங்க. பாவம், உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்.